லாபம் இருக்கு, காசு எங்கே?

ஒரு கம்பெனியோட ரிசல்ட் வந்தா எல்லாரும் நிகர லாபத்தைத்தான் பாக்குறாங்க, எனக்கு அது போதவே போதாது, நிஜமா எவ்வளவு காசு உள்ள வந்துச்சு, வெளிய போச்சுன்னு காட்டுற கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்டுக்குத்தான் நேரா போவேன். தொழில்ல வந்த காசுல இருந்து மெஷின், கட்டடம்னு சொத்து வாங்கின செலவைக் கழிச்சா மிஞ்சுறதுதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ.

நெட்ஃப்ளிக்ஸோட 2019 கணக்கை எடுத்துப் பாருங்க. லாபம் கிட்டத்தட்ட 187 கோடி டாலர். ஆனா ஃப்ரீ கேஷ் ஃப்ளோ மைனஸ் 330 கோடி டாலர் பக்கம்! எப்படின்னா, ஒரு சீரிஸ் எடுக்க பணம் முன்னாடியே கைய விட்டுப் போயிடும், லாபக் கணக்குல மட்டும் அந்தச் செலவை சில வருஷத்துக்குப் பிரிச்சுக் காட்டுவாங்க, ரூல்ஸ் படி அது சரிதான், ஆனா நடுவுல விழுற துண்டை எதை வெச்சாவது சமாளிக்கணும்ல, அவங்க பாண்டு, அதாவது கடன் பத்திரம், வித்து கடன் வாங்கி சமாளிச்சாங்க, 2019 முடிவுல கடன் 1,400 கோடி டாலரைத் தாண்டிடுச்சு.

2020ல கொரோனாவால ஷூட்டிங் நின்னதும் அதே ஃப்ரீ கேஷ் ஃப்ளோ பிளஸ் 190 கோடி டாலர் பக்கம் வந்துச்சு, அதைப் பாத்து உடனே ஆகா ஓகோன்னு சொல்லிடக் கூடாது, செலவு தள்ளிப்போனதும் அதுல சேர்ந்துதான் இருக்கு. அதனால அஞ்சு வருஷ ஃப்ரீ கேஷ் ஃப்ளோவை வரிசையா வெச்சுப் பாருங்க, பக்கத்துலயே எந்தக் கடனை எப்ப திருப்பிக் கட்டணும்ங்கிற டேபிளையும்.