ஐடிஐயிலிருந்து ரயில் இன்ஜின் வரை: பெண்பிள்ளைகளுக்கும், நர்சிங் படிக்க நினைக்கும் பையன்களுக்கும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் குமரி மாவட்டத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். பெண்பிள்ளை என்றால் நர்சிங், டீச்சர் டிரெய்னிங், பேங்க் கோச்சிங். பையன் என்றால் இன்ஜினியரிங், அல்லது டிப்ளமோ முடித்துவிட்டு கல்ஃப். இதெல்லாம் நல்ல வேலைகள்தான், நம் மாவட்டத்துக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியதும் இந்த வேலைகள்தான். ஆனால் பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கிறவர்கள் குறைவு.

நான் நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்து, ரயில்வே தேர்வு எழுதி, இப்போது உதவி லோகோ பைலட்டாக, அதாவது ரயில் இன்ஜின் ஓட்டுபவருக்கு உதவியாளராக, வேலை செய்கிறேன். லீவில் ஊருக்கு வரும்போது பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். பெண்கள் எதையும் சாதிக்கலாம் என்ற பேச்சைப் பிள்ளைகள் நிறையவே கேட்டிருக்கிறார்கள். எந்த வேலைக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், அந்த வாசல் எந்த வயதில் அடைபடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் வாசல் பதினொன்றாம் வகுப்பு குரூப். கணக்கு பயமாக இருக்கிறது என்று பியூர் சயின்ஸ் எடுக்கும் பெண்பிள்ளைக்கு மரைன் இன்ஜினியரிங் அன்றைக்கே போய்விட்டது. கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஐஎம்யூ செட் நுழைவுத்தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும். முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான என்டிஏ தேர்வு 2021 முதல் பெண்களுக்கும் திறந்திருக்கிறது. அதிலும் விமானப்படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் படித்திருக்க வேண்டும். மறுபக்கம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த பையனுக்கு உயிரியல் இல்லாததால் பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. எதுவும் முடிவாகாத பிள்ளைக்கு நான் சொல்வது பயாலஜி, மேத்ஸ் இரண்டும் இருக்கிற குரூப். சுமை அதிகம்தான், ஆனால் இரண்டு பக்கமும் போகலாம்.

இரண்டாவது வாசல் கண். இதைப் பலரும் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். உதவி லோகோ பைலட் வேலைக்கு ரயில்வே வைத்திருப்பது ஏ-1 மருத்துவத் தகுதி. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும், நிறக்குருடு இருக்கக் கூடாது. லேசிக் அறுவை செய்து சரிசெய்திருந்தாலும் எடுக்க மாட்டார்கள். எல்லாத் தேர்வும் தாண்டி மெடிக்கலில் நின்றுபோகும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. பத்தாம் வகுப்பிலேயே ஒரு கண் மருத்துவரிடம் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மனசு விட வேண்டாம். ரயில்வேயிலேயே டெக்னீஷியன், ஜூனியர் இன்ஜினியர் பதவிகளில் கண்ணாடியோடு போகக்கூடியவை உண்டு. அறிவிப்பில் ஒவ்வொரு பதவிக்கும் எதிரே மருத்துவத் தகுதி எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

சரி, ஐடிஐ. பெண்பிள்ளையை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்காக உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எலக்ட்ரீஷியன் டிரேடில் சேர்ந்தால் எடுத்த எடுப்பில் மோட்டார் வைண்டிங் சொல்லித் தர மாட்டார்கள். ஆரம்பத்தில் கையில் கொடுப்பது அரம். ஒரு இரும்புப் பட்டையை வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கி, ராவி ராவி, பக்கங்களைச் சதுரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ராவிய பக்கத்தில், செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை ஒட்டிவைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் வைஸுக்குப் போக வேண்டியதுதான். அரத்தை முன்னால் தள்ளும்போதுதான் அது வெட்டும், பின்னால் வரும்போது அழுத்தக் கூடாது. கை மேலும் கீழும் ஆடினால் ஓரங்கள் சரிந்து நடுப்பகுதி மேடாகிவிடும். முதல் சில வாரங்கள் உள்ளங்கை கொப்பளிக்கும், பிறகு தோல் தடித்துவிடும்.

பெண்பிள்ளைக்குப் பலம் போதாது என்ற பேச்சு இங்கேதான் தொடங்கும். பலத்தை விட நிற்கிற உயரம்தான் இதில் முக்கியம். வைஸின் மேல்மட்டம் நம் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். பெஞ்சு உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அரம் ஆடும், வேலை கெடும். குட்டையான பிள்ளை நிற்பதற்குக் காலுக்கடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொடுத்தால் அவளும் நேராக ராவுவாள். பயிற்சி கொடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் நாளே அந்தப் பலகையைப் போட்டுக்கொடுங்கள். சோர்ந்துபோய் வேறு டிரேடுக்கு மாற்றிக் கேட்கிற பிள்ளைகளில் சிலருக்காவது அது போதும்.

இன்னொன்று, முடிந்தால் ஒரு தோழியோடு சேருங்கள். வகுப்பில் ஒரே பெண்ணாக இருப்பதும் இரண்டு பேராக இருப்பதும் ஒன்றல்ல. சாப்பிட உட்கார, சந்தேகம் கேட்க, லேட் ஆனால் பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடக்க ஆள் வேண்டும். செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் ஐடிஐ, டிப்ளமோ படிப்புகளுக்கும் கிடைக்கும்.

படித்து முடித்த பிறகு ஒரு தனியார் கம்பெனியில் அப்ரண்டிஸ் இன்டர்வியூவுக்குப் போனேன். மார்க் லிஸ்டைக்கூடப் பார்க்காமல், பெண்களுக்கு டாய்லெட் வசதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ரொம்ப வலித்தது. அதன் பிறகுதான், மார்க்கை வைத்து மட்டும் ஆள் எடுக்கிற தேர்வுகள் பக்கம் முழுதாகத் திரும்பினேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பழக்கமில்லாத வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் போட்டித் தேர்வு பெரிய பாதுகாப்பு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு நீங்கள் ஆணா பெண்ணா என்று கேள்வித்தாள் கேட்காது.

இனி தேர்வு. உதவி லோகோ பைலட் தேர்வு, அதாவது ஏஎல்பி, மூன்று கட்டம். முதல் கட்டம் 75 கேள்வி, 60 நிமிடம்: கணக்கு, ரீசனிங், பொது அறிவியல், பொது அறிவு. இரண்டாம் கட்டத்தில் இரண்டு பகுதி. ஏ பகுதி 100 கேள்வி, 90 நிமிடம். பி பகுதி உங்கள் டிரேடிலிருந்து 75 கேள்வி, 60 நிமிடம், அதில் 35 சதவீதம் எடுத்தால் போதும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் குறைப்பார்கள். இந்த இரண்டு கட்டத்தையும் தமிழிலேயே எழுதலாம். ஏ பகுதியில் இன்ஜினியரிங் டிராயிங், அளவீடு, வெப்பம், நெம்புகோல், எளிய இயந்திரங்கள், பாதுகாப்பு எல்லாம் வரும். ஐடிஐ புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது சொந்த மைதானம். கோச்சிங் சென்டர் மெட்டீரியலை நம்பி ஐடிஐ புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது கட்டம் சிபாட் எனப்படும் கணினிவழி ஆப்டிட்யூட் தேர்வு. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான், ஏனென்றால் இதற்கான கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். ஐந்து சோதனை: நினைவாற்றல், சொன்னதைப் பின்பற்றுதல், ஆழம் உணர்தல், கவனம், பார்வை வேகம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டி-ஸ்கோர் (மற்றவர்களின் மார்க்கோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண்) 42 எடுத்தாக வேண்டும். நான்கில் பிரமாதமாகச் செய்து ஒன்றில் குறைந்தாலும் வெளியேதான். எந்தப் பிரிவினருக்கும் இதில் சலுகை இல்லை. ஆனால் மைனஸ் மார்க் கிடையாது. இறுதிப் பட்டியலில் இரண்டாம் கட்டத்தின் ஏ பகுதிக்கு 70 சதவீதமும் சிபாட்டுக்கு 30 சதவீதமும் சேரும்.

ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் இணையதளத்தில் மாதிரிக் கேள்விகள் இருக்கின்றன. பள்ளிக்கூட இங்கிலீஷ் பாடத்துக்கும் அந்த இங்கிலீஷுக்கும் சம்பந்தமில்லை. எல்லாம் குறிப்புகள்தான்: இதைப் பார், அதோடு ஒப்பிடு, வித்தியாசமானதைத் தேர்ந்தெடு. அந்தக் குறிப்பு வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி, அர்த்தம் யோசிக்காமலே புரிகிற அளவுக்குப் படித்துவிடுங்கள். ஆழம் உணர்தலில் கட்டைகளை அடுக்கிய படம் வரும், குறிப்பிட்ட கட்டையை எத்தனை கட்டைகள் தொடுகின்றன என்று சொல்ல வேண்டும். வீட்டில் தீப்பெட்டிகளை அடுக்கிவைத்துப் பழகினேன். பின்னால் மறைந்திருக்கும் கட்டையைக் கணக்கில் சேர்க்க மூளை அப்படித்தான் பழகும். கவனச் சோதனையைப் போனில் பார்த்துப் பழகாதீர்கள், பெரிய திரையில் மவுஸ் பிடித்துப் பழகுங்கள். இரவல் கம்ப்யூட்டராக இருந்தாலும் பரவாயில்லை.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு ரயில்வே தேர்வு வாரியத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் யோசிக்காமல் திருவனந்தபுரத்தைப் போட்டுவிடுவார்கள். எந்த வாரியத்தில் எத்தனை காலியிடம், முந்தைய கட்ஆஃப் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பெண்களுக்குக் கட்டணம் 250 ரூபாய், முதல் கட்டத் தேர்வை எழுதினால் வங்கிக் கழிவு போகத் திரும்ப வந்துவிடும்.

வேலை எப்படி என்று கேட்பவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஆரம்பச் சம்பளம் லெவல் 2, அடிப்படை 19,900 ரூபாய். வண்டியில் ஓடும் தூரத்துக்கான ரன்னிங் அலவன்ஸ் தனி. நள்ளிரவு இரண்டு மணிக்கு டியூட்டி வரும். பல இன்ஜின்களில் கழிப்பறை கிடையாது, பெண்களுக்கு இது உண்மையான கஷ்டம். சங்கங்கள் தொடர்ந்து கேட்டுவருகின்றன, இன்னும் அழுத்திக் கேட்கவும் வேண்டும். மற்றபடி, வண்டி ஓடும்போது ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், லோகோ பைலட் அதைத் திருப்பிச் சொல்வார். இரணியலோ குழித்துறையோ, மழையில் கண்ணாடி மங்கியிருக்கும்போது தூரத்தில் பச்சை தெரிந்து அதைச் சொல்கிற நொடியில் எனக்கு வருகிற நிறைவு இன்றைக்கும் குறையவில்லை.

வீட்டில் பேசுவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய பாடு. எங்கள் பக்கத்து வீட்டு மாமி என்னிடம், "பெண்பிள்ளைக்கு என்னத்துக்கு மக்களே இந்த ராத்திரி வேலை?" என்றார். அவர் மகள் சவூதியில் நர்ஸ், மாதத்தில் பாதி நைட் ஷிப்ட். நம் மாவட்டத்தில் அநேகமாக எல்லாச் சொந்தத்திலும் ஒரு நர்ஸ் இருக்கிறாள், ராத்திரி வேலை நமக்குப் புதிதே இல்லை. மரியாதையாக இதை எடுத்துச் சொன்னால் பெரியவர்கள் யோசிக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள். நம் மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-இலேயே அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டுநராகச் சேர்ந்தவர். ஆசியாவின் முதல் பெண் பஸ் ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின. நாகர்கோவிலில் பஸ் ஓட்டி 2017-இல் ஓய்வு பெற்றார். அவர் ஓட்டிய பஸ்ஸில் போன தாத்தா பாட்டிகள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களையே பேசச் சொல்லுங்கள்.

பையன்களுக்கு வருகிறேன். நர்சிங் படிக்க ஆசைப்படும் பையன் அதை வெளியே சொல்லவே கூசுகிறான், அதுவும் நர்ஸ்கள் நிறைந்த நம் மாவட்டத்தில். என் சித்தப்பா மகன் அப்படித்தான் இருந்தான். பாட்டி படுக்கையில் கிடந்தபோது புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டவன் அவன்தான். அந்தப் பொறுமை இருக்கிற பையனை இன்ஜினியரிங்கில் தள்ளுவதில் யாருக்கு என்ன லாபம்? இன்று அவன் ஐசியூவில் வேலை செய்கிறான்.

ஆனால் பையன்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வர வேண்டும். மகப்பேறு பாடம் அவர்களுக்கும் உண்டு, அதைச் சங்கடமில்லாமல் படிக்க மனதைத் தயார்செய்ய வேண்டும். அப்புறம் இடங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் நர்சிங் ஆபீசர் பணியிடங்களை 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்று பிரித்து அறிவிக்கிறார்கள். ராணுவ நர்சிங் கல்லூரிகளின் பி.எஸ்சி. படிப்பில் பெண்களை மட்டும்தான் சேர்த்துவருகிறார்கள். அதனால் அரசு வேலையை மட்டும் நம்பி உட்காராமல், ஐசியூ, டயாலிசிஸ், அவசரப் பிரிவு அனுபவத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பிரிட்டன் போக ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி மொழித் தேர்வு, அதன்பின் அந்நாட்டு நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும். ஆண், பெண் என்ற ஒதுக்கீடு எதுவும் அதில் இல்லை.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்களைப் போன்றவர்களை மேடையில் ஏற்றி அரைமணி நேரம் பேசவைப்பதை விட, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் ஐடிஐ ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போய், பெண்பிள்ளைகள் கையிலும் ஒரு அரத்தைக் கொடுங்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பு நடக்கும் இடத்துக்கு அனுமதி கிடைத்தால் அங்கேயும் போங்கள். பையன்களை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஆண் நர்ஸ் ஒருவரோடு பேச வையுங்கள். இதெல்லாம் ஐடிஐ விண்ணப்பத்துக்கும் பதினொன்றாம் வகுப்பு குரூப்புக்கும் முன்னால், ஒன்பதாம் வகுப்புக் கடைசியிலோ பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலோ நடக்க வேண்டும். மாணவர்களைப் பேச அழைக்கும்போது பரிசு வாங்கியவர்களைவிட இப்போது படித்துக்கொண்டிருக்கும் பயிற்சி மாணவியைக் கூப்பிடுங்கள். டாய்லெட் எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, கிண்டல் செய்தால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைகள் அவளிடம்தான் தைரியமாகக் கேட்பார்கள்.