தோவாளையில் ஒரு நீராவி எஞ்சின்: சிம்னிக் குழாய், கேஸ், ஸ்லோமோஷன்

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஆனால் வீடியோவில் ஆவியே தெரிவதில்லை. நம்ம ஊர் வெயிலில் லைவ் ஸ்டீம் மாடல், அதாவது நிஜ நீராவியில் ஓடும் சின்ன ரயில் எஞ்சின், ஓட்டினால் முதலில் வருகிற கவலை இதுதான். வெள்ளையாகத் தெரிவது ஆவி இல்லை, ஆவி குளிர்ந்து உருவாகும் நுண்ணிய நீர்த்துளிகள். மதிய வெயிலில் காற்று அவற்றை உடனே உறிஞ்சிவிடும். சிம்னிக்கு மேலே ஒரு விரல்கடை தெரிந்தாலே அதிகம்.

என்னிடம் இருப்பது கேஸில் ஓடும் சின்ன எஞ்சின், 19-ல் ஒரு பங்கு அளவு, 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். பாய்லரை நான் தொடவே இல்லை. 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் செம்புப் பாத்திரத்தில் வீட்டில் வைத்துப் பற்றாசு ஒட்டு வேலை செய்வது கூடவே கூடாது என்பது என் கட்சி. மாற்றியதெல்லாம் பாய்லருக்கு வெளியேதான்.

முதல் வேலை சத்தம். சிலிண்டரில் வேலை முடித்த ஆவி சிம்னி வழியாக வெளியேறும் இடத்தில் ஒரு சின்ன பித்தளைக் குழாய் வைத்தேன். ஒரு முனை அடைத்தது, பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு. ஆவி அந்த வெட்டில் மோதும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்ந்து, வெறும் ‘ஸ்ஸ்’ என்றிருந்தது ‘சக் சக்’ என்று மாறுகிறது. முனையை அடைக்க வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். "ஈயம் வேண்டாம் தம்பி, சூட்டுல உருகிரும், வெள்ளிப் பற்றாசு போட்டுத் தாறேன்" என்று சொல்லி, வெங்காரம் தடவி, ஊதி, கொஞ்ச நேரத்தில் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுத்தமான ஒட்டு எந்தப் பட்டறையிலும் கிடைத்திருக்காது. அப்புறம் ஒன்று, எஞ்சின் சும்மா ஓடினால் இந்தச் சத்தம் வராது. பின்னால் இரண்டு வண்டி மாட்டி மணல் பை வைத்தால்தான் ஒவ்வொரு அடியும் கனமாகக் கேட்கிறது.

அடுத்தது கேஸ். இங்கேதான் வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருப்பதை நாம் தலைகீழாகப் படிக்க வேண்டும். குளிரில் பியூட்டேன் சோம்பிப் போகும் என்பதால் அவர்கள் கேஸ் டேங்கைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவார்கள். பியூட்டேனின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் சுமார் 2 பார், 35 டிகிரியில் 3 பாருக்கும் மேல். ஆக நமக்கு அழுத்தம் ஏறுவதுதான் தொந்தரவு. பர்னர் உறுமும், சேஃப்டி வால்வு விடாமல் திறந்து திறந்து பாய்லர் தண்ணீரைத் தீர்த்துவிடும். டேங்கைச் சுற்றி ஒரு சின்ன தகரத் தொட்டி அடித்து, அதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். தீ அடங்கி, நீல நிறத்தில் நிதானமாக எரிகிறது. சமையல் சிலிண்டர் கேஸை இந்த டேங்கில் அடைக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அதில் புரொப்பேனும் கலந்திருக்கும், அழுத்தம் இன்னும் கூடுதல். பாய்லருக்குள் மட்டும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் போடுகிறேன்.

இனி படம் எடுப்பது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தோவாளையில் ஆவியைப் படம் பிடிக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும், பர்னர் அணையாமல் நின்றாலே பெரிது. வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பர் விடியற்காலைதான் சரி. காற்று அசையாது, வெப்பம் 22, 23 டிகிரி, ஈரப்பதமும் அதிகம். ஈரக் காற்று துளிகளைச் சீக்கிரம் குடிக்காது, ஆவி வாழை மரங்களுக்கு இடையே தொங்கி நிற்கிறது. சூரியன் ஆவிக்குப் பின்னால் தாழ்வாக இருக்க வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டான ஏதாவது வேண்டும். எனக்கு வேலியோரப் புதர் உதவியது. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்டவாள மட்டத்துக்கு இறங்கிவிடும், எஞ்சின் நம்மேல் ஏறி வருகிற மாதிரி இருக்கும்.

மாடல் மாடலாகவே தெரிவதற்குக் காரணம் வேகம். தண்டவாள ஜாயிண்டில் சக்கரம் ஏறி இறங்குவதும் வண்டி ஆடுவதும் புவியீர்ப்பால் நடப்பவை, பொருள் சிறியதானால் அந்த ஆட்டம் அளவின் வர்க்கமூலப்படி வேகமாகிறது. 19-க்கு வர்க்கமூலம் கிட்டத்தட்ட 4.4. நொடிக்கு 120 ஃப்ரேம் எடுத்து 30-ல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகும், ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. மாடல் நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது நடை வேகத்தில் போனால், படத்தில் அது மணிக்கு சுமார் பதினேழு கிலோமீட்டரில் போகும் நிஜ வண்டி. குன்னூர் மலை ரயிலை நின்று பார்த்தவர்களுக்கு அந்த நிதானம் புரியும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயிலே 1979-ல்தான் வந்தது என்பதால், தெருவில் பலருக்கு நீராவி எஞ்சின் என்றால் அந்த மலை ரயில்தான்.

ஒலியில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு முறை ‘சக்’ சொல்லும். என் எஞ்சினின் சக்கர விட்டம் 38 மில்லிமீட்டர், அதனால் அந்த நடை வேகத்தில் நொடிக்கு முப்பதுக்கும் மேல், காதுக்கு வெறும் ரீங்காரம். அந்த ஒலியையும் நான்கு மடங்கு இழுத்தால் நொடிக்கு எட்டு, சுருதியும் இரண்டு ஸ்தாயி இறங்கி, கனத்த எஞ்சின் மாதிரி கேட்கிறது. போன் ஸ்லோமோவில் ஒலி பதியாவிட்டால் இன்னொரு போனைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்து, கணினியில் இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து பாய்லருக்குப் பிரஷர் கேஜ், தேக்குப் பட்டையில் ஒரு உறை. உறை போட்டால் சூடு வெளியே போவது குறையும், ஒரு நிரப்பு கேஸில் இன்னும் சில சுற்று கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஜனவரி வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.