பாங்காக்ல ஒரு மார்கழி ஞாயிறு, திருவெம்பாவையத் தேடி

ஆபீஸ் ட்ரெய்னிங்னு ஒரு வாரம் பாங்காக் போக வேண்டி வந்துச்சு, நடுவுல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் லீவு. கூட வந்தவங்க எல்லாம் பட்டாயா கிளம்பிட்டாங்க. நான் வரலைன்னுட்டேன், ஏன்னா ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முந்தின ராத்திரியே பெரியம்மா போன்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க, "ஏண்டி கண்ணு, அந்த ஊர்ல நம்ம திருவெம்பாவைய இன்னமும் ராஜா வீட்டுப் பூஜையில சொல்றாங்களாம்டி, மார்கழியும் அதுவுமா போற, சும்மா பாத்துட்டு மட்டும் வராத, ஒரு பாட்டாவது அங்க பாடிட்டு வா"னு.

பெரியம்மா கும்பகோணத்துல அம்பது வருஷமா மார்கழி தவறாம விடிகாலைல கோயிலுக்குப் போய் திருவெம்பாவை பாடுறவங்க. எனக்கு இருபது பாட்டும் சொல்லிக்கொடுத்தது அவங்கதான். சியாம்ல, அதான் தாய்லாந்துல, திருவெம்பாவை இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, காஞ்சிப் பெரியவர் பேசினதுலேர்ந்துன்னு சொன்னாங்க.

காலைல ஆறு மணிக்கே கிளம்பிட்டேன். முதல்ல சீலோம் ரோட்டுல இருக்கிற மகா மாரியம்மன் கோயில். ஸ்கை ட்ரெய்ன்ல சுரசக் ஸ்டேஷன்ல இறங்கி பத்து நிமிஷம் நடந்தா, ஓட்டலும் ஆபீஸுமா இருக்கிற தெருமுனையில திடீர்னு நம்ம ஊர் கோபுரம், கலர் கலரா பொம்மைங்களோட. அதைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு. மாட்டு வியாபாரம், ரத்தினக்கல் வியாபாரம்னு கடல் தாண்டி வந்த தமிழங்க 19ம் நூற்றாண்டுல கட்டின கோயில் இது. அந்த ஊர்க்காரங்க வாட் கேக்னு சொல்றாங்க, வாட்னா கோயில், கேக்னா விருந்தாளி, இந்தியாக்காரங்களயும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

உள்ள போனா கூட்டத்துல முக்காவாசி தாய்லாந்து ஜனங்கதான். மாரியம்மன அவங்க உமாதேவின்னு கும்பிடுறாங்க, அம்மனுக்கு ரெண்டு பக்கமும் பிள்ளையாரும் முருகனும். தட்டுல தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை எல்லாம் அழகா அடுக்கி ஏந்திக்கிட்டு செருப்பக் கழட்டிட்டு வரிசைல நிக்குறாங்க. எனக்கு முன்னாடி நின்ன காலேஜ் பொண்ணு குங்குமத்த மோதிர விரல்ல தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டப்போ கண்ண மூடி ஒரு நிமிஷம் அப்படியே நின்னா பாருங்க, நான் என்னிக்காவது அப்படி நின்னு குங்குமம் வச்சிருக்கேனான்னு தோணுச்சு. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு, அதுவே நல்லதுதான், மனசு சாமிகிட்ட இருக்கும். நவராத்திரி முடிஞ்சு விஜயதசமி அன்னிக்கு அம்மன் வெளிய வர்றப்போ சீலோம் ரோட்டுல போக்குவரத்தையே நிறுத்திடுவாங்க, வழி நெடுக ஜனங்க சாமி மேடை வச்சு தேங்காயோட காத்திருப்பாங்களாம். தீபாராதனை ஆனப்போ மணி ஆறரை. அங்கேக்கும் நம்ம ஊருக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், கும்பகோணத்துல சரியா அஞ்சு, பெரியம்மா முதல் பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க.

அடுத்த ஸ்டேஷன் சபான் தக்சின். அங்க இறங்கி சாவ் பிரயா ஆத்துல எக்ஸ்பிரஸ் போட் ஏறினேன். ஆறு நல்ல அகலம், தண்ணி காவிரில புது வெள்ளம் வர்றப்போ இருக்குமே அந்த நெறம். தா தியன் படித்துறைல இறங்கினா வாட் போ. வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒரு ஆட்டோக்காரர் வந்து இன்னிக்கு கோயில் மூடியிருக்கு, வேற கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார், தனியா போறவங்க நம்பிடாதீங்க, நேரா டிக்கெட் கவுன்டருக்கே நடந்து போய்ப் பாருங்க, திறந்துதான் இருந்துச்சு.

வாட் போல சயன புத்தர் 46 மீட்டர் நீளம். தூணுக்கு நடுவுல முகம் கொஞ்சம், தோள் கொஞ்சம், இடுப்பு கொஞ்சம்னு நடந்துக்கிட்டேதான் பாக்க முடியும், முழுசா ஒரே பார்வைல அடங்கல. ஸ்ரீரங்கத்துல பெருமாள சேவிச்சவங்களுக்கு அந்த சயனக் கோலம் புதுசா தெரியாது. பாதத்துல முத்துச்சிப்பி பதிச்சு 108 மங்கலச் சின்னம், பின்னால 108 வெண்கலக் கிண்ணம் வரிசையா, ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு போட்டுக்கிட்டே போறாங்க. அந்த டிங் டிங் சத்தம் மண்டபம் பூரா ஜபம் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கு. பிக்குகளுக்கு தீட்சை குடுக்கிற மண்டபத்தச் சுத்தி பளிங்குல 152 பலகை, எல்லாம் அவங்க ராமாயணம், ராமகியன்னு பேரு. எதிர்க்கரைல வாட் அருண், அருணன் பேருல இருக்கிற கோயில், படகுல அஞ்சு பாத் குடுத்து தாண்டிட்டுப் போனேன். பீங்கான் துண்டுகள வச்சே பூ பூவா இழைச்சிருக்காங்க. மேல அண்ணாந்து பாத்தா மூணு தலை யானை மேல இந்திரன், நம்ம ஐராவதம். அரண்மனையும் மரகத புத்தரும் பாக்கணும்னா அதுக்கே அரை நாள் வேணும், எனக்கு மனசு பூரா வேற எடத்துல இருந்துச்சு, அதனால இந்தத் தடவை வெளிய நின்னே கும்பிட்டுக்கிட்டேன்.

சனாம் சாய்லேர்ந்து மெட்ரோல ஒரே ஸ்டேஷன், சாம் யோட். அங்கேர்ந்து நடந்தா பம்ருங் முவாங் ரோடு, ரெண்டு பக்கமும் சாமி சிலை கடைங்க, ஆள் உசர தங்கக் கலர் புத்தர்கள் பிளாஸ்டிக் கவர் போட்டு பிளாட்பாரத்துலயே உக்காந்திருக்காங்க. ரோடு விரிஞ்ச எடத்துல தலைய நிமிர்த்தினா அந்தப் பெரிய ஊஞ்சல். சாவோ சிங் சான்னு பேரு. ஊஞ்சல்னாலும் இப்ப பலகையும் கயிறும் கிடையாது, வெறும் கால்களும் மேல ஒரு தோரணமும்தான், அவ்வளவும் தேக்கு, அவ்வளவும் பவழச் சிவப்பு.

இந்த ஊர தலைநகரமாக்கின முதலாம் ராமா மன்னர் 1784ல வச்சது. 1920ல இப்ப இருக்கிற எடத்துக்கு மாத்தினாங்க, மரம் பழசானதால 2007ல பிரே மாகாணத்துலேர்ந்து ஆறு தேக்கு மரம் கொண்டு வந்து புதுசா நிறுத்தினாங்க. சிவபெருமான் வருஷத்துக்கு ஒரு தடவை பூமிக்கு வந்து பத்து நாள் தங்குறார்ங்கிறது அவங்க நம்பிக்கை, அந்தப் பத்து நாளுக்குப் பேரு த்ரியம்பவாய். பெருமாள் வர்ற அஞ்சு நாளுக்கு த்ரிபவாய். சொல்லிப் பாருங்க ரெண்டையும், திருவெம்பாவை, திருப்பாவை! அந்த நாள்லதான் ஆளுங்க இந்த ஊஞ்சல்ல ஏறி உச்சிக்கு ஆடி, மூங்கில் கம்புல தொங்குற பண முடிப்ப வாயால கவ்வுவாங்களாம். 1935லேர்ந்து ஊஞ்சல் ஆடுறத நிறுத்திட்டாங்க, பூஜை மட்டும் நிக்கல.

நான் அந்தச் சிவப்புக் கால்களப் பாத்துக்கிட்டே நின்னேன், என்னையறியாம வாயில வந்தது திருவெம்பாவை இல்ல, திருப்பொன்னூசல், ஊஞ்சல் பாட்டு. "சீரார் பவளங்கால் முத்தம் கயிறாக". பவழத்துல தூண், முத்துல கயிறு. அதுவும் மாணிக்கவாசகர் வாக்குதான், அதுவும் அதே திருவாசகத்துலதான் இருக்கு. இதுக்கும் அதுக்கும் சரித்திரப்படி தொடர்பு உண்டுன்னு நான் சொல்ல வரல, எனக்கு அந்த நிமிஷம் உடம்பு சிலிர்த்துடுச்சு, அதத்தான் சொல்றேன்.

ஊஞ்சல்லேர்ந்து கூப்பிடு தூரத்துலதான் தேவஸ்தான். அவங்களும் தேவஸ்தான்னுதான் சொல்றாங்க, பேர்ப்பலகைல பாத்தா அவங்க எழுத்து, காதுல கேட்டா நம்ம வார்த்தை. வெள்ளை மதில், உள்ள ஓடு வேய்ஞ்ச மூணு சன்னதி, சிவனுக்கு ஒண்ணு, பிள்ளையாருக்கு ஒண்ணு, நாராயணனுக்கு ஒண்ணு. முன்னால தோட்டத்துல சின்னதா ஒரு பிரம்மா. ஊஞ்சல் நட்ட அதே 1784ல கட்டின எடம். வெளிய ரோட்டுல அவ்வளவு வண்டி போகுது, மதிலுக்கு உள்ள வந்தா இலை விழுற சத்தம் கேக்குது. வெள்ளை வேட்டி கச்சம் மாதிரி கட்டி, தலைமுடிய பின்னால கொண்டை போட்டிருந்த ஒருத்தர் தோட்டத்தத் தாண்டிப் போனார், ராஜகுரு பரம்பரைல வந்த பிராமணங்க இப்படித்தான் இருப்பாங்க. இவங்க முன்னோர் தெக்க நகோன் சி தம்மராட், பத்தலுங் வழியா வந்தவங்க. 2019ல இப்ப இருக்கிற ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்தப்பவும் சடங்கு செஞ்சது இவங்கதான். கிரந்த எழுத்துல இருக்கிற ஏடுகள வச்சுத்தான் தலைமுறை தலைமுறையா மந்திரமா ஓதிட்டு வந்திருக்காங்க, அதுல நம்ம திருவெம்பாவை இருக்கு, உச்சரிப்பு மாறி அர்த்தம் மறந்து போயும் விடாம ஓதிட்டு வர்றாங்க. கைலாசத்துக் கதவத் திறக்கிற மந்திரம்னு அதுக்குப் பேரு வச்சிருக்காங்க. நம்ம பாட்டுல பொண்ணுங்க வாசல்ல நின்னு தோழியக் கூப்பிட்டு கதவத் திறக்கச் சொல்றாங்க, அங்க அது சாமி வீட்டுக் கதவையே திறக்கிற பாட்டா ஆயிடுச்சு. த்ரியம்பவாய்க்கு சாமிக்கு என்ன படைக்கிறாங்கன்னு பாத்தா பொரி, அவல், வாழைப்பழம், தேங்காய், கரும்பு. வேற என்னங்க சொல்ல.

சிவன் சன்னதில செருப்பக் கழட்டிட்டு உள்ள போனேன். ஆள் உசரத்துக்கு வெண்கலச் சிவன், நின்ன கோலம், ரெண்டு கையையும் வாங்கிக்கோன்னு குடுக்குற மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிறார். நம்ம ஊர்ல லிங்கமா, நடராஜரா பாத்துப் பழகின கண்ணுக்கு முதல்ல யாரோ மாதிரி இருந்துச்சு, அஞ்சு நிமிஷம் உக்காந்து பாத்தப்புறம் முகம் பழகிடுச்சு. எதுர்ல சின்னச் சின்னதா தெய்வங்க வரிசையா, அதுக்கு முன்னாடி ரெண்டு வெள்ளைக் கம்பம், விழா முடிஞ்சு சாமிய அன்னப்பறவை ஊஞ்சல்ல ஆட்டி வழியனுப்புறதுக்கு. ஊதுவத்தி வாசனை. மூலைல ஒரு பாட்டி மட்டும் சாமந்திச் சரத்த மடியில வச்சுக்கிட்டு ஒருக்களிச்சு உக்காந்திருந்தாங்க.

மெதுவா ஆரம்பிச்சேன், ஆதியும் அந்தமும் இல்லான்னு. சத்தம் வெளிய வரவே இல்ல முதல்ல, தொண்டை அடைச்சுக்கிச்சு. மூணாவது பாட்டுலதான் குரல் வந்துச்சு. பாட்டி திரும்பிப் பாத்தாங்க, தப்பா ஏதும் நெனச்சுடுவாங்களோன்னு பயந்தேன், அவங்க கையக் கூப்பி நெஞ்சுகிட்ட வச்சுக்கிட்டு அப்படியே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒன்பதாவது பாட்டு, முன்னைப் பழம்பொருட்கும் முன்னைப் பழம்பொருளே, பின்னைப் புதுமைக்கும் பேர்த்தும் அப்பெற்றியனே. அந்த ஊர்ல அந்த சிவனுக்கு முன்னாடி அந்த வரி வேற மாதிரி இறங்குச்சு உள்ள.

பதினஞ்சு வரைக்கும் தடையில்லாம வந்துச்சு. பதினாறுல நின்னுட்டேன். ஆரம்ப வார்த்தை வரவே இல்ல. மழைப் பாட்டுன்னு தெரியும், மேகம், மின்னல், புருவம் எல்லாம் ஞாபகம் இருக்கு, தொடக்கம் மட்டும் வரல. போன எடுத்துப் பாக்க மனசு ஒப்பல. கண்ண மூடினேன், பாட்டி கூப்பின கையக் கீழ போடாமயே காத்துக்கிட்டு இருந்தாங்க. இந்தப் பாட்டு எப்படி இங்க வந்துச்சு, எத்தனை பேர் பாய்மரம் கட்டி எத்தனை நாள் தண்ணியிலயே வந்திருப்பாங்கன்னு மனசு அந்தப் பக்கம் போச்சு, கடல் கடல்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், பட்டுனு வந்துடுச்சு, "முன்னிக் கடலைச் சுருக்கி". அதுக்கப்புறம் நிக்கவே இல்ல, இருபதாவது பாட்டு, போற்றியாம் மார்கழி நீராடேலோர் எம்பாவாய் வரைக்கும்.

முடிச்சு கும்பிட்டு எந்திரிச்சா பாட்டி கூப்பின கைய நெத்திக்குத் தூக்கி "சாது"ன்னாங்க. அவங்க பௌத்தக் கோயில்ல நல்லத கேட்டா சொல்ற வார்த்தை அது. அப்புறம் மடியில இருந்த சரத்துல பாதிய நூலோட அறுத்து என் கையில குடுத்து, சாமியக் காட்டி, அவர் பாதத்துல வைன்னு சாடை காட்டினாங்க. பூ இன்னும் ஈரமா இருந்துச்சு, நூல் முடிச்சு நம்ம ஊர்ப் பூக்காரம்மா போடுற மாதிரி இல்ல, ஊசியில கோத்தது. ரெண்டு பேரும் ஒண்ணா வச்சோம்.

சாயங்காலம் சிட் லோம்ல எரவான் பிரம்மாவையும் போய்ப் பாத்தேன். 1956ல ஒரு ஓட்டல் கட்டுறப்போ தடங்கல் மேல தடங்கல் வந்ததால வச்ச நான்முகன், இன்னிக்கு நாலு பக்கமும் ஜனம் நிக்குது, வேண்டுதல் பலிச்சவங்க காசு கட்டி நாட்டியம் ஆடச் சொல்றாங்க. நம்ம ஊர்ல பிரம்மாவுக்குத் தனிக் கோயில விரல் விட்டு எண்ணிடலாம், இங்க நடு ரோட்டுல இத்தனை பேர் நாலு முகத்துக்கும் நாலு தடவை ஊதுவத்தி ஏத்துறாங்க. எனக்கு நிறைவா இருந்துச்சு, ஆனா காலைலேர்ந்து நடந்த கால் வலி, ரொம்ப நேரம் நிக்கல.

ரூமுக்கு வந்ததும் பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். முதல் கேள்வியே "எத்தனை பாட்டு பாடின?" இருபதும்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, முந்தானையால மூக்கத் துடைச்சுக்கிட்டாங்க. "எங்கயாவது தடுக்குச்சா?"

"பதினாறுல பெரியம்மா."

"அது எல்லாருக்கும் தடுக்கும்டி, எனக்கே இன்னிக்கு காலைல தடுக்குச்சு. சரி, அந்தப் பாட்டி பேரு என்ன, கேட்டியா?"

கேக்கல. பாஷை தெரியாதுன்னேன். "பரவால்ல, நாளைக்கு காலைல பாடுறப்போ அவங்களுக்கும் சேத்து நெனச்சுக்கிறேன்"னுட்டு, விளக்கு அமத்தணும்னு போன வச்சுட்டாங்க.