அபிமன்னன் ஆடிய இரவு

2024 ஏப்ரல் 20, சனி

விடியவே மாமி கோல் எடுத்துவிட்டா. "வாற சனிக்கிழம அரங்கேத்தம் கா. கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வாங்க, சாட்டுச் சொல்ல ஒண்ணா." மச்சானின் மூத்தவனுக்கு இந்த முறை அபிமன்னன், அருச்சுனன் மகன் அபிமன்யுவின் வேடம். எங்கள் மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடி, பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் கதை. சட்டம் கொடுத்ததிலிருந்து, அதாவது வேடமும் பாட்டுக் கொப்பியும் கையில் வந்ததிலிருந்து, எத்தனை இரவு கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு முன்னால் கால் போட்டிருப்பான்! பகலில் மேசன் வேலை, இரவில் கிழமைக்கூத்து என்கிற ஒத்திகை. அவன் முதன்முதலாகச் சதங்கை கட்டிய சடங்குக்கு எனக்குப் போக முடியவில்லை. அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "ஆர் அண்ணாவி?" என்றுதான் முதலில் கேட்டார்.

2024 ஏப்ரல் 26, வெள்ளி

நண்பரும் மனைவியும் மலையகத்து அட்டனிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டில் அவர் காமன்கூத்தைப் பற்றிச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம், தொழிலாளர் லயமே விழித்திருக்கும் இரவு, ரதி மதன் ஆட்டம், தப்பு மேளம். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்புறம் தன் பங்குக்குப் பேராசிரியர் வித்தியானந்தன் கதையை எடுத்தார். 1960களில் அவர் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனதும், 1964இல் இராவணேசன் ஆடப்பட்டதும், அதில் அவருடைய மாணவர் மௌனகுரு இராவணனாக வந்ததும் இங்கே இன்றைக்கும் பேச்சுத்தான். மேடைக்காகச் சுருக்கிய கூத்து. அதனால்தான் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் கூத்தென்றால் விடியும்வரைக்கும் ஆட வேண்டும். இதில் நானும் அப்பாவும் ஒரே கட்சி.

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

இரண்டு மணித்தியாலம்கூடத் தூங்கவில்லை, ஆனால் இதை எழுதாமல் படுக்க மனமில்லை.

நேற்றுப் பின்னேரம் வேனில் வலையிறவுப் பாலம் தாண்டி, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போனோம். மாமி வீட்டில் பிட்டும் மீன் குழம்பும். பன்பாய் இரண்டைச் சுருட்டிக்கொண்டு களரிக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஊரே இருந்தது. மண்ணை உயர்த்திப் போட்ட வட்டக்களரி. நடுவில் அண்ணாவியார், சல்லரித் தாளம் போடுபவர், பாட்டுக் கொப்பி பார்ப்பவர். அவர்களைச் சுற்றித்தான் ஆட்டம். எந்தப் பக்கம் பாய் விரித்தாலும் அதுவே முன்வரிசை. கச்சான் சுருள் கைமாறிக்கொண்டே இருந்தது.

ஒவ்வொருவரின் வரவும் நீண்டது. துரியோதனன் வரவுக்கே மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். நண்பரின் மனைவி, "எழுப்பலாமா?" என்று கேட்டார். "விடுங்க, கதை அவளுக்காக நிற்கும்" என்றா மாமி. அது உண்மை. ஒருவர் பாட, பிற்பாட்டுக்காரர் அதையே திரும்ப எடுக்க, சொல் உள்ளே இறங்க நேரம் கிடைக்கிறது. கண்ணயர்ந்து விழித்தாலும் கூத்து நம்மை விட்டுப் போயிருப்பதில்லை.

நடுச்சாமம் கழிந்துதான் அபிமன்னன் வந்தான். கரப்புடுப்பைக் கிட்டத்தில் பார்த்தேன்: கோழி மூடும் கரப்பைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்கிறது, அதன்மேல் கண்ணாடித் துண்டுகள் தைத்த துணி. அந்தப் பாரத்தோடு அவன் சுழன்றபோது உடுப்பு ஒரு கணம் பிந்தி வந்து சுற்றியது. சதங்கைச் சத்தம் நெஞ்சில் அடித்தது.

சுபத்திரையிடம் விடைபெறும் இடம்தான் இரவின் உச்சம். சுபத்திரையாக ஆடியவர் வாவியில் தோணி விடுகிறவர், நாற்பது தாண்டியவர். சேலையும் கொண்டையுமாக அவர் "மகனே" என்று இழுத்தபோது பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். மச்சாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்; களரியில் நிற்பது அவள் பெற்ற பிள்ளை. வியூகத்துக்குள் அவன் தனித்து, வில்லும் போய், வாளும் போய் நின்றபோது மகள் விழித்துவிட்டாள். "அப்பா, அண்ணாவ ஏன் எல்லாரும் சேர்ந்து அடிக்கிறாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

மங்களம் பாடி முடிய வயல் பக்கம் வெளுத்திருந்தது. நண்பர் பேசவே இல்லை. தேத்தண்ணிக் கடையில், இஞ்சி போட்ட பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசிக்கு நீங்க எல்லாரும் அங்க வரணும்" என்றார். வருவோம் என்றேன்.

2024 ஏப்ரல் 29, திங்கள்

நண்பர் காலையில் புறப்பட்டார். நாங்கள் மாமி வீட்டில் ஒரு நாள் தங்கியது நல்லதாகப் போயிற்று. கூத்தர்கள் உடுப்போடு வீட்டுக்கு வீடு ஆட வந்தார்கள். முற்றத்தில் குத்துவிளக்கு ஏற்றி, தாம்பாளத்தில் வெற்றிலையும் காசும் வைத்திருந்தோம். ஆடி முடித்து மச்சானின் மகன் அப்பா முன்னால் வந்து நின்றான். கணுக்காலில் சதங்கை வார் பதிந்து சிவந்திருந்தது.

"நல்லா ஆடினாய் மனே" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "வீசாணத்தில இடக்கால் பிந்துது" என்றார். வாயாலேயே அந்த ஆட்டத்தின் தாளம் சொல்லத் தொடங்கினார்.

அவன் திரும்பவும் ஆடிக் காட்டினான். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.