கடுகுத் தலையணையும் கருவெள்ளை மீன்கொத்தியும்

முடக்குவாதம் வந்து 6 வருடம் ஆகிறது. காலையில் 9 மணி வரை விரல்கள் மடங்காது. தோசைக் கரண்டியைப் பிடிப்பதற்கே முதலில் வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டும். அதற்கான மருந்து மெத்தோட்ரெக்சேட், ஞாயிறு இரவு, வாரத்துக்கு ஒரு நாள்தான். ஆனால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டலோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடப்பேன்.

அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை. பூவுக்கு வந்த ஊதாத் தேன்சிட்டை, மகள் விட்டுப்போன கேனான் 200டி கேமராவில் ஒரு திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன். 40 படத்தில் 38 வெறும் கிளை, இரண்டில் வால். மதிய வலி மாத்திரையைப் போடவே இல்லை என்பது சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. வலி போய்விட்டது என்று சொல்ல வரவில்லை, இரவு வட்டியோடு வந்தது. ஆனாலும் அந்த நாலு மணி நேரம் அதைக் கவனிக்கவில்லையே!

அடுத்து செய்தது முட்டாள்தனம். பறவைப் படம் என்றால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ்தான் என்று யாரோ சொல்ல, ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். லென்ஸ் மட்டும் கிட்டத்தட்ட 2 கிலோ. மணிக்கட்டு வீங்கி மூன்று நாள் சட்டைப் பட்டன்கூடப் போட முடியவில்லை. மகளின் சின்ன 55-250 லென்ஸுக்கே திரும்பினேன். அது 400 கிராம்கூட வராது.

பிறகு கையில் தூக்கும் யோசனையையே விட்டேன். பரணில் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தைத்த கடுகுத் தலையணை கிடந்தது. அதை ஒரு பலகை மேல் போட்டுக் கேமராவை அழுத்தி வைத்தால், கடுகு நகர்ந்து இடம் கொடுத்து அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்துப் பின்பக்கம் இருக்கும் நட்சத்திரப் பட்டனுக்கு மாற்றினேன். ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்துக் காத்திருப்பதில்தான் ஆள்காட்டி விரல் கணு செத்துப்போகும். இப்போது அந்த வேலை கட்டைவிரலுக்கு. பழக இரண்டு வாரம் ஆனது.

சரி, எங்கே போவது? காலை வெளிச்சம்தான் நல்லது என்பார்கள். எனக்குக் காலையே கிடையாது. அதனால் சாயங்காலம் நாலரைக்கு கோவை சிங்காநல்லூர் குளக்கரை, வெயில் முதுகில் விழும்படி ஒரு மடக்கு நாற்காலி. முதலில் நீலத் தாழைக்கோழி. அது நிதானமாக நடந்து போகும், நம்மைப் போல.

ஆனால் மனதைப் பறித்தது கருவெள்ளை மீன்கொத்திதான். பறக்கும் பறவையைத் தொடர்ந்து கேமராவைத் திருப்புவது என் தோளுக்கு ஆகாது. இதுவோ தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், அலகைக் கீழே நீட்டி மீனைப் பார்க்கும், சடாரென்று தலைகுப்புற விழும். மீனோடு பெரும்பாலும் அதே பட்ட மரத்துக்குத்தான் திரும்பும். மரத்தின் மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். ஷட்டர் வேகம் 1/2000 நொடி. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை இருந்தால் ஆண், நடுவில் விட்டுப்போன ஒற்றைப் பட்டை என்றால் பெண். இந்த மரத்துக்கு வருவது பெண்.

போகாத நாட்களும் நிறைய. மூட்டு கொதிக்கும் வாரங்களில் கேமராப் பையைத் திறப்பதுகூட இல்லை. பத்து நாள் கழித்துப் போனபோது பரிசல் ஓட்டும் பெரியவர் கேட்டார்: “என்னங்க அம்மிணி, குருவிக்கு லீவு விட்டுட்டீங்களா?” நடந்ததைச் சொன்னேன். தன் முழங்காலைத் தடவிக்காட்டிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டார்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த வருடம் சேர்ந்தேன். குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்து எண்ணினால் போதும், வீட்டு ஜன்னலிலிருந்தே செய்யலாம். முருங்கை மரத்தில் 7 வகை. செம்போத்து வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை.

மீன்கொத்தியில் இதுவரை 312 படம், தேறியது 4. ஒன்றில் அலகில் மீன் இருக்கிறது, ஆனால் தலை கிளைக்குப் பின்னால். இப்போது ஒரே குறை தலையணைதான்: நிறுத்துப் பார்த்தால் ஒன்றேகால் கிலோ! வண்டியிலிருந்து கரைக்குத் தூக்கி வருவதற்குள் கை விட்டுப்போகிறது. பாதிக் கடுகை எடுத்துவிட்டு அடுத்த வாரம் தெர்மாகோல் மணி போட்டுப் பார்க்கப் போகிறேன்.