41 மதிப்பெண்ணும் 0.464 கெல்வினும்

ஜூன் மாதம் எழுதிய பிசிக்கல் கெமிஸ்ட்ரி தேர்வில் எனக்கு 41 மதிப்பெண். இங்கே 50 எடுத்தால்தான் தேர்ச்சி. எங்கள் துறையில் 40க்கு மேல் எடுத்தவர்களுக்கு ஜூலையில் சப்ளிமெண்டரி எழுத ஒரு வாய்ப்பு உண்டு. அதை எழுதி முடித்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பாஸ் என்று தெரிந்துவிட்டால் இந்த ஐந்து வாரம் எனக்கே மறந்துபோகும்.

நான் கோவில்பட்டியில் பி.காம். படித்தவள். அவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே வேதியியல்மேல் ஆசை. 33 வயதில் பி.எஸ்சி. சேர்ந்தேன், இப்போது இரண்டாம் வருடம். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பத்தொன்பது, இருபது வயது.

மூன்று மணி நேரம், ஆறு கேள்விகள். வினாத்தாளைப் புரட்டியதுமே கை சில்லிட்டது. டுடோரியலில் போட்ட கணக்குகளின் சாயலே எதிலும் இல்லை. முதல் கேள்வியில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தபோது இரண்டு பிள்ளைகள் படிக்கட்டில் அழுதுகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே வகுப்பு வாட்ஸ்அப் குழு கொதித்தது. சிலபஸில் இல்லாததைக் கேட்டுவிட்டார்கள், மறுதேர்வு வைக்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம் என்று பேச்சு. எனக்கும் கோபம்தான். ஆனாலும் வருட ஆரம்பத்தில் கொடுத்த பாடத்திட்டத் தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அதோடு வைத்துப் பார்த்தேன். ஆறும் அதற்குள்தான் இருந்தன. மூன்றாம் கேள்வியில் மட்டும் நிஜமான குறை ஒன்று: மோலாலிட்டியை (ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல்) மோலாரிட்டியாக (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல்) மாற்றச் சொல்லியிருந்தார்கள், கரைசலின் அடர்த்தியைக் கொடுக்கவில்லை. அடர்த்தி இல்லாமல் அதைச் செய்ய வழியில்லை. இதைக் குழுவில் போட்டேன். வகுப்புப் பிரதிநிதி அந்த ஒன்றை மட்டும் எழுதி, மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினான். மதிப்பெண் வெளியானபோது அந்தப் பகுதிக்குரிய 4 மதிப்பெண்ணை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த 4 இல்லையென்றால் எனக்கு 37. சப்ளிமெண்டரி வாய்ப்பே கிடைத்திருக்காது. 'தாளே அநியாயம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் இந்தக் குறையும் அந்தச் சத்தத்தில் காணாமல் போயிருக்கும்.

சரி, 41க்கு வருவோம். அன்று சமையல் ஓடவில்லை. பக்கத்து வீட்டு ஆயா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஆயாவுக்கு 80 வயதுக்கு மேல். தேவாரம் மனப்பாடமாகப் பாடுவார், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ரொட்டியும் பீன்ஸ் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்தக் கேள்வி தப்பு, சொல்லு" என்றார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்திருந்தேன். எந்தக் கேள்வி என்று கேட்டதும் பதில் சொல்லத் தெரியவில்லை. மொத்தமாகப் போய்விட்டது என்பதுதான் என் மனதில் இருந்தது. மறுநாளே விடைத்தாளைப் பார்க்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் போட்டேன்.

பேராசிரியரின் அறையில் அரை மணி நேரம் கொடுத்தார்கள். மார்க் கூட்டிக் கேட்கப் போவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். "என் யோசனை எந்த இடத்தில் திரும்பியது என்று தெரிந்துகொள்ள வந்தேன்" என்றேன். அவர் நாலாம் கேள்வியைத் திறந்து, நான் எழுதிய ஒரே ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகிற வினை. என்தால்பி மாற்றம், அதாவது வினையின் வெப்பக் கணக்கு, மைனஸ் 92.2 கிலோஜூல். என்ட்ரோப்பி மாற்றம், அதாவது ஒழுங்கின்மையின் கணக்கு, கெல்வினுக்கு மைனஸ் 198.7 ஜூல். இந்த இரண்டையும் சேர்த்து, வினை சாதகமா என்று சொல்வது கிப்ஸ் ஆற்றல் மாற்றம்: மைனஸ் என்றால் சாதகம், பிளஸ் என்றால் இல்லை. அது எந்த வெப்பநிலையில் பூச்சியமாகும் என்பது கேள்வி. 92.2ஐ 198.7ஆல் வகுத்து 0.464 கெல்வின் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தேன். ஒன்று கிலோஜூல், இன்னொன்று ஜூல். ஒரே அலகுக்கு மாற்றிப் போட்டிருந்தால் 464 கெல்வின், அதாவது சுமார் 191 டிகிரி செல்சியஸ் வந்திருக்கும்.

அவர் அலகைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. "இந்த 0.464ஐ ஒரு நிமிடம் சும்மா பார்" என்றார். பார்த்தேன். பூச்சியம் கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸ். திரவ ஹீலியம் கொதிப்பதே 4.2 கெல்வினில். அண்டவெளியில் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை 2.7 கெல்வின். அதைவிடக் குளிரான ஓர் எண்ணை எழுதிவிட்டு, கண்ணில் உறுத்தாமல் அடுத்த பக்கம் போயிருக்கிறேன். இது கவனக்குறைவு மட்டும் அல்ல. எண்ணை எண்ணாகப் பார்த்தேனே தவிர, அது ஒரு வெப்பநிலை, அந்த வெப்பநிலையில் ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் இழந்த 59 மதிப்பெண்ணையும் ஒவ்வொன்றாக எழுதி, ஏன் போனது என்று பக்கத்தில் குறித்தேன். அலகு, பிளஸ் மைனஸ், கேள்வியைத் தப்பாகப் படித்தது என்று 17. நேரம் போதாமல் தொடாமலே விட்டது 11. பாடம் புரிந்துவிட்டதாக நினைத்திருந்தேன், உண்மையில் புரியவில்லை என்கிற வகையில் 24. படிக்காமலே விட்ட பகுதி வெறும் 7.

அந்த 7ஐப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தேர்வு சரியாகப் போகவில்லை என்றால் 'இன்னும் நிறையப் படித்திருக்க வேண்டும்' என்று சொல்லித்தான் பழக்கம். அம்மா அப்படித்தான் சொல்வார், நானும் என் மகளிடம் அதையே சொல்கிறேன். ஆனால் புத்தகத்தை இன்னொரு தடவை முழுசாகப் படித்திருந்தாலும் எனக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது அதிகபட்சம் 7. மிச்சம் 52க்கும் மருந்து வேறு. நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 180 நிமிடம், 100 மதிப்பெண், ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 15 மதிப்பெண் கேள்விக்கு 27 நிமிடம்தான் கணக்கு. நான் முதல் கேள்வியில் 50 நிமிடம் கழித்திருந்தேன். இதைச் சரிசெய்யப் புத்தகம் தேவையில்லை, கடிகாரம் போதும்.

அந்த 24தான் கடினம். அதில் பெரிய பங்கு நாலாம் கேள்வியின் கடைசிப் பகுதி. 464 கெல்வினுக்கு மேலே ஸ்டாண்டர்டு கிப்ஸ் ஆற்றல் மாற்றம் (வாயு ஒவ்வொன்றும் 1 பார் அழுத்தத்தில் இருப்பதாக வைத்துப் போடும் கணக்கு) பிளஸ் ஆகிவிடுகிறதே, பிறகு ஏன் தொழிற்சாலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் அம்மோனியா தயாரிக்கிறார்கள்? 'வெப்பம் கூடினால் வினை வேகமாகும்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். தப்பில்லை, ஆனால் பாதிதான். குளிரில் வினை சாதகமாக இருந்தும் நகராது. நைட்ரஜனின் மூன்று பிணைப்பு அவ்வளவு உறுதி. இரும்பு வினையூக்கி இருந்தாலும் அது வேலை செய்யச் சூடு வேண்டும். சூடாக்கினால் சமநிலை எதிர்ப்பக்கம், அதாவது அம்மோனியா திரும்ப உடைகிற பக்கம், சாய்கிறது. அதை ஈடுகட்ட 150 முதல் 250 மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுக்கிறார்கள். அப்படியும் ஒரு சுற்றில் மாறுவது சுமார் 15 சதவீதம்தான். உண்டான அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்தெடுத்து, மிச்ச வாயுவைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். ஸ்டாண்டர்டு மாற்றம் பிளஸ் என்றால் ஒரு துளிகூட உண்டாகாது என்று அர்த்தம் இல்லை. சமநிலையில் கொஞ்சமாக இருக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் எனக்கு வருடம் முழுக்கத் தெளிவில்லாமலே இருந்திருக்கிறது.

இதை ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன். யாருக்காவது சத்தமாகச் சொன்னால்தான் எங்கே தடுமாறுகிறோம் என்று தெரிகிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து, உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவாக்கும் இந்த வழியை ஃபிரிட்ஸ் ஹாபர் கண்டுபிடித்தார், கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார், 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். உரம் என்றதும் ஆயா நிமிர்ந்தார். அவருடைய அப்பா மவுண்ட் எட்ஜ்கூம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். உப்பு மாதிரி வெள்ளையாக ஓர் உரத்தைக் கையால் அள்ளி வீசுவாராம், சாயங்காலம் விரலிடுக்கெல்லாம் எரியுமாம். அம்மோனியம் சல்பேட்டாக இருக்க வேண்டும். அதன்பிறகு அந்தச் சமன்பாட்டை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. மறக்கவே இல்லை.

சப்ளிமெண்டரிக்கு முன்னால் இருந்த இரண்டு வாரமும் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை, அந்த 7 மதிப்பெண் பகுதியைத் தவிர. பழைய வினாத்தாளையே கடிகாரம் வைத்து மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால், விடை சுமாராக எவ்வளவு இருக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். வரிக்கு வரி அலகு. முதலில் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது தடவை கை தானாக எழுதியது.

போன செவ்வாய்க்கிழமை தேர்வு. கந்தக டைஆக்சைடு, டிரைஆக்சைடு ஆகிற வினைக்கு, கிப்ஸ் ஆற்றல் மாற்றம் பூச்சியமாகும் வெப்பநிலையைக் கேட்டிருந்தார்கள். ஓரத்தில் '1000 கெல்வின் பக்கம்' என்று எழுதிவிட்டுப் போட்டேன், பக்கத்தில்தான் வந்தது. இந்த ஞாயிறு தெருக்கோடி மாரியம்மன் கோவிலில் ஆடிக் கூழ். ஊரில் ஆடி என்றால் புழுதிக் காற்று, இங்கே குளிர்காலம். சூடான கூழ் இங்கேதான் தொண்டைக்கு இதம். பானை கிளற ஆயா என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

பழைய தாளில் அஞ்சாம் கேள்வியின் கடைசிப் பகுதி மட்டும் இன்னும் எனக்கு வரவில்லை. முடிவு எதுவானாலும் அதைக் கேட்டுவிட வேண்டும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லி பேராசிரியரிடமிருந்து பதில் வந்திருக்கிறது.