பாஸ்வேர்டு போட்டதும் ஹேங் ஆகும் லேப்டாப்

மார்ச் 3

பாஸ்வேர்டு போட்டு என்டர் தட்டினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, அப்புறம் அதுவும் நின்றுவிடுகிறது. விண்டோஸ் 10, உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். மவுஸ் நகர்கிறது, கேப்ஸ் லாக் விளக்கும் எரிந்து அணைகிறது. அப்படியானால் மெஷின் சாகவில்லை, எதற்கோ காத்துக் கிடக்கிறது. விளக்கே அசையாமல் போயிருந்தால் ராம், சூடு என்று வேறு பக்கம் தேடியிருப்பேன். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பியது, வட்டம் அப்படியே நிற்கிறது.

மார்ச் 4

விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த தடவை அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் ஆஃப் செய்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம். அதையும் செய்தாயிற்று, பலன் இல்லை.

லாக்இன் திரையில் ஷிப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அவசியமானவை மட்டும் ஓடும் நிலை. (டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் இடையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம், கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.) சேஃப் மோடிலும் அதே இடத்தில் நின்றது. ஆக, லாக்இன் ஆனதும் தானாக ஓடும் புரோகிராம்கள் மீது பழி போட வழியில்லை.

மார்ச் 5

வீட்டில் மற்றவர்களுக்காகப் போட்டு வைத்த இன்னொரு அட்மின் கணக்கு இருக்கிறது. அதில் நுழைந்தால் கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒழுங்காக டெஸ்க்டாப் வருகிறது! சரி, என் புரொஃபைல், அதாவது என் கணக்கின் அமைப்புகளும் கோப்புகளும்தான் கெட்டுவிட்டது என்று எவருக்கும் தோன்றும். இரவு என் கணக்கைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் காலியான டெஸ்க்டாப், தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருப்பதாக ஒரு அறிவிப்பு. இந்த நிலையில் அதில் எதையும் சேமிக்கக் கூடாது, வெளியேறியதும் போய்விடும்.

மார்ச் 7

இன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. அந்த இன்னொரு கணக்கிலிருந்து விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளைப் பார்த்தால், நான் லாக்இன் செய்த நேரங்களில் எல்லாம் டிஸ்க் பிழை, ஐடி 7, அதாவது பேட் பிளாக், டிஸ்க்கில் கெட்டுப்போன இடம். என் ஃபோல்டரில் என்டியூசர்.டாட் என்று ஒரு மறைகோப்பு உண்டு, என் கணக்கின் ரெஜிஸ்ட்ரி, அதாவது அமைப்புகளின் பதிவேடு, பெரும்பாலும் அதில்தான்; லாக்இன் ஆகும்போது விண்டோஸ் அதைப் படித்தே ஆகவேண்டும். அதை நகலெடுக்கப் போனால் டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக் (படித்த தரவு சரியில்லை) என்று பாதியில் நிற்கிறது. படிக்க முடியாத செக்டாரை (டிஸ்க்கின் சிறு துண்டு) டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது, அதுவரை லாக்இன் நிற்கிறது. மற்றக் கணக்கின் கோப்பு டிஸ்க்கில் வேறு இடத்தில் இருப்பதால் அது தப்பித்தது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 197, அதாவது பென்டிங் செக்டார் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை), பூஜ்யம் இல்லை. ‘ஃபார்மட் போடு’ என்று சொன்னவர்கள்தான் அதிகம். போட்டிருந்தால் சரியாகிவிட்டது போலத்தான் தெரிந்திருக்கும்: என் கோப்பு நல்ல இடத்துக்குப் போயிருக்கும், டிஸ்க் பாட்டுக்குச் செத்துக்கொண்டே இருந்திருக்கும்.

மார்ச் 8

டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை /r போட்டு ஓட்டச் சொல்கிறார்கள். சாகப்போகிற டிஸ்க் முழுவதையும் படிக்க வைக்கும் வேலை அது, நகல் எடுக்கும் முன் தொடமாட்டேன். யுஎஸ்பியிலிருந்து லினக்ஸ் ஏற்றி, கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் குனு டிடிரெஸ்க்யூ வைத்து புது எஸ்எஸ்டிக்கு நகல் ஓடுகிறது. முதலில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பிறகே கெட்ட இடங்களுக்குத் திரும்புகிறது. எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்து வைக்கும் மேப்ஃபைல் கொடுத்திருப்பதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மார்ச் 11

எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏறிவிட்டது, செக்டிஸ்க்கை இப்போது ஓட்டினேன். என்டியூசர்.டாட்டின் கொஞ்சம் பகுதி மீளவில்லை, அதனால் புதுக் கணக்கு உருவாக்கி ஆவணங்களையும் படங்களையும் அதற்கு மாற்றினேன். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைக் கோப்பாகத் தூக்கிவந்து பயனில்லை, அவை பழைய கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. சிங்க் போட்டிருந்ததால் திரும்ப வந்தன. வால்பேப்பர், ஃபான்ட் அளவு, கீபோர்டு அமைப்பு எல்லாம் மறுபடியும் செய்யவேண்டும், அது நாளைக்கு.